டர்பன்டைன் விறகு

ஹட்டன் மருந்துக்கடையில் யாரோ யூக்கலிப்டஸ் தைலத்தைத் திறந்தார்கள். என் கண் தானாகக் கூரைக்குப் போனது. லிந்துலைத் தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் இருந்த லயத்துக்கு, அந்தத் தொழிலாளர் வீட்டு வரிசைக்கு, இப்போது அத்திவாரம்கூட இல்லை. அன்று எங்கள் அடுப்பில் தேயிலைக் கட்டை சத்தமில்லாமல் நின்று எரியும், விடியும்வரை கங்கு இருக்கும். தேயிலைக்கு நிழல் தரும் சவுக்கு மரம் சீக்கிரம் சாம்பலாகிவிடும். நாங்கள் டர்பன்டைன் என்று சொல்லும் யூக்கலிப்டஸை மூட்டினால் சுவரே சுடும், ஆனால் பொறி கூரைவரை தெறிக்கும். தம்பி குறைமாதத்தில் பிறந்த அடைமழையில் தேயிலைக் கட்டை தீர்ந்துபோக, அப்பா டர்பன்டைனைப் பிளந்து கொண்டுவந்தார்.

"இது வேணாங்க, பயமா இருக்கு," என்றாள் அம்மா.

"புள்ளைக்கு வேற எதுல சூடு காட்டுறது?"

அன்றிலிருந்து அம்மா ஈரச்சாக்கோடு அடுப்படியிலேயே இருந்தாள். ஒவ்வொரு வெடிப்புக்கும் நான் கூரையில் தொங்கும் ஒட்டடையைப் பார்ப்பேன். ஒரு மத்தியானம் அது பற்றிக்கொண்டது. சாக்கு எட்டவில்லை. தம்பியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினோம். லயம் மழையிலேயே எரிந்தது. அம்மா அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. தம்பியை மாரோடு சேலைக்குள் பொத்திக்கொண்டு, "என் கை வெறச்சுப் போச்சு, புள்ள ஒடம்புல சூடு இருக்கான்னு பாரு," என்றாள். பயந்துகொண்டே கையை உள்ளே விட்டேன். நெஞ்சு சூடாக இருந்தது.