அண்ணன் அனுப்பாமல் அழித்த பதில்

அக்டோபர் மாதக் கடைசியில் ஒரு காலை, பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் போனை எடுத்தேன். என் பக்கம் திறக்கவில்லை. வெள்ளைத் திரையில் இரண்டே வரிகள். விதிமுறைகளை மீறியதால் உங்கள் கணக்கு முடக்கப்பட்டிருக்கிறது என்றது முதல் வரி. எந்த விதி என்பது இரண்டாவது வரியிலும் இல்லை.

நான் குடவாசல் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். என் கணவருக்கு விவசாயம். அந்தச் சமூக வலைதளப் பக்கத்தில் நான் போட்டதெல்லாம் எங்களைச் சுற்றி நடப்பதுதான். வாய்க்காலில் முதல் தண்ணீர் வருவது, நடவு நாளில் பெண்கள் வரப்பில் உட்கார்ந்து டீ குடிப்பது, தாராசுரம் கோயிலுக்குக் கூட்டிப்போன பிள்ளைகள் படிக்கட்டில் வரிசையாக நின்றது. பார்க்கிறவர்களும் அதிகம் இல்லை. உடன் வேலை பார்க்கும் டீச்சர்கள், பழைய மாணவர்கள் சிலர், சென்னையில் இருக்கும் என் மகள். அப்புறம் என் அண்ணன்.

அண்ணனுக்காகத்தான் அந்தப் பக்கத்தையே வைத்திருந்தேன் என்று சொன்னாலும் தப்பில்லை.

அப்பா சீக்கிரமே போய்விட்டதால் எனக்கு எல்லாம் அண்ணன்தான். சைக்கிள் பழக்கியது அவர். கும்பகோணத்தில் கல்லூரியில் சேர்க்க வந்து நாள் முழுவதும் என்னோடு வரிசையில் நின்றதும் அவர். பிறகு நாக்பூரில் வேலை கிடைத்துப் போனார். அங்கேயே குடும்பம் ஆனது. அம்மா என்னோடு இருந்தார்.

அம்மா இறந்தது ஒரு ஐப்பசி அடைமழையில். அண்ணன் உடனே ரயில் ஏறினார். இங்கே கரண்ட் போய்விட்டது, ஐஸ் பெட்டி ஓடவில்லை. கல்லறைத் தோட்டத்தில் குழி தோண்டத் தோண்டத் தண்ணீர் ஊறியது. இன்னொரு நாள் போனால் உள்ளே கால் வைக்கவே முடியாது என்று ஊர்ப் பெரியவர்கள் சொன்னார்கள். பங்குச் சாமியாரும் சரி என்றார். நான் அழுதுகொண்டு நின்றேன். என்னை யாரும் கேட்கவும் இல்லை. அண்ணனின் ரயில் வழியில் வெள்ளத்தில் நின்றுவிட்டது. அவர் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து மறுநாள் ஆகியிருந்தது.

நேராகக் கல்லறைக்குப் போய் ஈர மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அவரிடம் ஓடினேன்.

“ஒரு நாள் வச்சிருக்கக் கூடாதா பாப்பா?” என்றார்.

நான் தண்ணீர் ஊறியதைச் சொன்னேன். அவர் கேட்டதாகத் தெரியவில்லை. வீட்டுக்குள் வராமல் அப்படியே பஸ் ஏறிப் போய்விட்டார். அதன் பிறகு என் போனை எடுக்கவில்லை. கொஞ்ச காலத்தில் அந்த நம்பரும் செத்துப்போனது. சொந்தக்காரர்கள் எவரிடமும் அவர் தொடர்பு வைத்துக்கொள்ளவில்லை.

பத்துப் பன்னிரண்டு வருடம் அப்படியே போயிற்று. பிறகு ஒருநாள், தளத்தில் அவர் பெயரில் ஒரு நட்பு அழைப்பு வந்திருந்தது. படம் இல்லை. ஆனாலும் அவர்தான் என்று தெரிந்தது. நான் உடனே சேர்த்துக்கொண்டேன். “அண்ணே, நல்லா இருக்கீங்களா?” என்று எழுதினேன். பதில் வரவில்லை. ஆனால் அடுத்து நான் போட்ட படத்துக்கு ஒரு விருப்பக்குறி விழுந்தது. அதற்கடுத்த படத்துக்கும். அதன் பிறகு ஒரு படம்கூட விட்டதில்லை. எங்களுக்குள் இருந்த பேச்சு அவ்வளவுதான். எனக்கு அது போதுமாக இருந்தது. வயலுக்குப் போனால், அண்ணன் எதைப் பார்க்க ஆசைப்படுவார் என்று யோசித்துப் படம் எடுப்பேன்.

அந்த வருடம் கல்லறைத் திருநாள் நெருங்கியது. நவம்பர் இரண்டாம் தேதி எங்கள் பக்கம் எல்லாக் கல்லறைகளுக்கும் வெள்ளையடித்துப் பூ வைத்து மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். அம்மாவின் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்த கையோடு ஒரு படம் எடுத்துப் போட்டேன். அன்று மாலை, முதல்முறையாக அண்ணன் ஒரு வரி எழுதியிருந்தார்.

“சிலுவைய யாரு மாத்துனா?”

அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து எழுதினேன். “நான்தான் அண்ணே. பழசு விரிசல் விட்டிருந்துச்சு. கல்லறைத் திருநாளுக்கு நீங்க வாங்க. நான் காத்துக்கிட்டு இருப்பேன்.”

மறுநாள் காலைதான் அந்த வெள்ளைத் திரை.

மகளைக் கூப்பிட்டேன். “அம்மா, பதறாதீங்க. ரிவ்யூ கேட்டா திருப்பிக் குடுத்துடுவாங்க” என்றாள். அவள் சொன்னபடி ஆதார் அட்டையைப் படமெடுத்து அனுப்பினேன். முகத்தை இடமும் வலமும் திருப்பி வீடியோ எடுத்து அனுப்பினேன். அன்றே பதில் வந்துவிட்டது. பரிசீலித்தோம், முடிவில் மாற்றமில்லை. வேறு மின்னஞ்சலில் புதிதாக ஒரு கணக்கு தொடங்கினோம். அண்ணனின் பெயரைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அதுவும் மூடிக்கொண்டது.

“யார்கிட்டயாவது பேச முடியாதா? ஒரு ஆபீஸ், ஒரு போன் நம்பர்?” என்று கேட்டேன்.

“பேசுறதுக்கு அங்க ஆளே இல்லம்மா” என்றாள் மகள்.

ஒருவேளை அந்தக் கல்லறைப் படம்தான் காரணமோ, அல்லது முன்பு நான் போட்ட வயல் படத்தில் இருந்த எலிப் பொறியை ஏதோ ஆயுதம் என்று நினைத்துவிட்டார்களோ என்று பள்ளியில் ஆளுக்கொன்று சொன்னார்கள். அந்தக் காரணம் எனக்கு இன்றுவரை தெரியாது. மகள் தன் கணக்கிலிருந்து மாமாவுக்கு நடந்ததை விளக்கமாக எழுதினாள். அவர் அதைத் திறக்கவே இல்லை.

கல்லறைத் திருநாளன்று மதியமே போய் உட்கார்ந்துவிட்டேன். தூறல் இருந்தது. கேட்டில் யார் நுழைந்தாலும் தலை தூக்கிப் பார்த்தேன். என் கணவர் இரண்டு முறை வந்து கூப்பிட்டார். சாமியார் கல்லறைகளுக்குத் தீர்த்தம் தெளித்து மந்திரித்துப் போனார், கூட்டம் கலைந்தது. அண்ணன் வரவில்லை. வர மனமில்லை போலிருக்கிறது, அன்றைக்கும் சிலுவையைப் பற்றி மட்டும்தானே கேட்டார் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

பொங்கல் கழிந்து, அறுவடை மெஷின் வயலில் இறங்கியிருந்த நேரம். எங்கள் பங்குக் கோயிலில் சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் சைக்கிளில் வந்தார்.

“டீச்சர், உங்க அண்ணன் மகன் கோயில் ஆபீசுக்கு போன் பண்ணியிருந்தாரு. அப்பாவுக்கு உடம்புக்கு முடியல, ஒரு பூசை வைக்கணும்னு கேட்டாரு. நம்பர் வாங்கிட்டு வந்திருக்கேன்.”

மெஷின் சத்தத்தில் கேட்காது என்று மேட்டுக்கு ஓடிப்போய்க் கூப்பிட்டேன். மருமகன் எடுத்தான். டிசம்பரில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது, வலப்பக்கம் விழுந்துவிட்டது, இப்போது வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டோம் என்றான். பிறகு போனை அவரிடம் கொடுத்தான்.

“பாப்பா” என்றார். குரல் குழறியது.

“அண்ணே, ஏன் அண்ணே வரல? நான் காத்துக்கிட்டே இருந்தேனே.”

“டிக்கெட் போட்டிருந்தேன். நீ வாங்கன்னு எழுதுன உடனே போட்டேன். அப்புறம் உனக்குப் பெருசா ஒரு பதில் எழுதுனேன். அனுப்பலாம்னு பார்த்தா நீ இல்ல. உன் பேரே இல்ல. சரி, கூப்பிட்டுட்டு மனசு மாறி நீயே என்னைய வெட்டிவிட்டுட்டன்னு நெனச்சேன். டிக்கெட்ட கேன்சல் பண்ணிட்டேன்.”

“நான் ஒண்ணும் பண்ணல அண்ணே. அவங்களா மூடிட்டாங்க.”

“ஏன் மூடுனாங்க?”

“தெரியல.”

“காரணம் சொல்லாமயா மூடுவாங்க?”

வேறு எதுவாக இருந்தாலும் காட்டுவதற்கு ஏதாவது இருந்திருக்கும். என் கையில் ஒன்றுமில்லை. சத்தியமாக அண்ணே, என்று மட்டும் சொன்னேன். “சரி விடு” என்றார். நம்பினாரா, என் அழுகையை நிறுத்துவதற்காகச் சொன்னாரா என்று புரியவில்லை.

“என்ன அண்ணே எழுதியிருந்தீங்க?”

“அதையெல்லாம் அப்பவே அழிச்சிட்டேன். இப்ப ஞாபகம் இல்ல.”

கோடை விடுமுறையில் நானும் என் கணவரும் நாக்பூருக்குப் போனோம். அண்ணன் ஜன்னலோரம் ஒரு நாற்காலியில் இருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் இடது கையை நீட்டினார். நான் சோறு பிசைந்து ஊட்டினேன், மறுக்கவில்லை. அங்கே இருந்தவரை ஊர்க்கதை ஒவ்வொன்றாகக் கேட்டார். யார் வீட்டில் யார் இருக்கிறார்கள், வாய்க்காலைத் தூர் வாரினார்களா, குடவாசல் பஸ் இன்னும் அந்த வழியாகத்தான் போகிறதா.

கிளம்புவதற்கு முந்தின நாள் அவராகவே ஆரம்பித்தார். “அன்னிக்கு அம்மாவுக்குக் குழி தோண்டுறப்ப தண்ணி எவ்வளவு இருந்துச்சு?”

முழங்கால் அளவு என்றேன். மண்வெட்டி பிடித்தவர்கள் வாளியால் இறைத்துக்கொண்டே தோண்டியதையும், சவப்பெட்டி மிதக்காமல் இருக்க அதன் மேல் கல் வைத்ததையும் சொன்னேன். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“நீ கெடந்து பட்டிருக்க” என்றார் கடைசியில்.

அவர் அழித்த அந்தப் பதிலில் இதுதான் இருந்ததோ, வேறு ஏதாவது இருந்ததோ, நான் திரும்பக் கேட்கவில்லை. அந்த நவம்பரில் வந்திருந்தால் தன் காலாலேயே நடந்து வந்து அம்மா பக்கத்தில் நின்றிருப்பார். இனி அவ்வளவு தூரம் ரயிலில் கொண்டுவர முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டதாக மருமகன் வாசல் வரை வந்து என்னிடம் தனியாகச் சொன்னான். அண்ணனுக்கு அது தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் பேசும்போதெல்லாம், மழைக்கு முன்னால் வந்துவிடுகிறேன் பாப்பா என்கிறார். வாங்க அண்ணே என்கிறேன்.