கறுப்புக் காரும் இரண்டு வாளிகளும்

எங்கள் குடியிருப்பில் கார் கழுவுகிறவரின் பெயர் பலருக்குத் தெரியாது. வாளியக்கா என்றால் எல்லோருக்கும் தெரியும். பக்கத்துக் கட்டடங்களில் ஒரு வாளித் தண்ணீரில் மூன்று வண்டிகளை முடித்துவிடுகிறார்கள். இவர் ஒவ்வொரு வண்டிக்கும் இரண்டு வாளிகளைத் தூக்கிக்கொண்டு வருவார். ஒன்றில் சோப்புத் தண்ணீர், மற்றதில் வெறும் தண்ணீர். வெறும் தண்ணீர் வாளியின் அடியில் ஒரு பழைய பிளாஸ்டிக் சல்லடையைக் கவிழ்த்துப் போட்டிருப்பார். வண்டியில் ஒருமுறை தேய்த்த துணி நேராகச் சோப்பு வாளிக்குப் போகாது. முதலில் வெறும் தண்ணீரில் அலசல். துணியிலிருந்து உதிரும் மண் சல்லடைக்குக் கீழே இறங்கித் தங்கிவிடும். அதன் பிறகுதான் சோப்பு.

காவலாளிக்கு இது தினசரி வேடிக்கை.

"ஒரு காருக்கு ரெண்டு வாளின்னா, லாரி வந்தா என்னக்கா பண்ணுவே? கிணறு வெட்டுவியா?"

"லாரி வரட்டும். முதல்ல உன்னை உள்ள போட்டு அலசிட்டு அப்புறம் லாரிக்குப் போறேன்."

பெரிய கேட்டை அவன் வண்டிகளுக்கு மட்டும்தான் திறப்பான். ஆட்கள் நுழைவது பக்கத்திலுள்ள சின்னக் கதவு வழியாக. அதில் இரண்டு வாளிகளோடு ஓர் ஆள் நுழைய முடியாது. அக்கா ஒன்றை உள்ளே வைத்துவிட்டு, திரும்பிப் போய் மற்றதை எடுத்து வருவார். ஆறு வருடமாக அப்படித்தான்.

அதற்கு முன்னால் அவர் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் ஒன்பது வருடம் லென்ஸ் துடைத்தவர். அங்கே முதல் நாள் சொல்லிக்கொடுத்த பாடம், துடைப்பதற்கு முன் ஊத வேண்டும் என்பது. துணிக்கும் லென்ஸுக்கும் நடுவே ஒரு மணல் துகள் மாட்டினால் போதும், லென்ஸ் குப்பைக்குப் போய்விடும். கடையை மூடிவிட்டார்கள். பாடம் அவரோடு இங்கே வந்தது. பதினெட்டு வண்டிகள், காலை ஐந்தரையிலிருந்து ஒன்பது வரை. அதில் ஒன்று என்னுடையது. வண்டி சுத்தமாக இருக்கிறது என்பதற்கு மேல் நான் எதையும் கவனித்ததில்லை.

மூன்றாவது மாடியில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் இருக்கிறார். வாழ்நாள் முழுக்க ஸ்கூட்டரில் போய்வந்தவர், அறுபத்திரண்டு வயதில் முதல் கார் வாங்கினார். கறுப்பு நிறம்.

"கறுப்பு வேணாங்க, தூசி பளிச்சுன்னு தெரியும்" என்று அவர் மனைவி சொன்னாராம்.

"தெரிஞ்சாத்தானே துடைக்க முடியும்?" என்றாராம் இவர்.

வண்டியை வீட்டுக்குக் கொண்டுவரும் முன்பே செராமிக் கோட்டிங் போட்டுவிட்டார். "இனிமே ஆணியால கீறினாலும் ஒண்ணும் ஆகாது" என்று லிஃப்டில் என்னிடம் சொன்னார். அவர் மாப்பிள்ளை வெள்ளி நிறத்தில் ஓர் உறை வாங்கி அனுப்பியிருந்தார். அது ஓர் அளவு சின்னது. வளர்ந்த பிள்ளைக்குப் போன வருடத்துச் சட்டையை மாட்டியதுபோல, கதவுகளின் அடியில் ஒரு சாண் உயரத்துக்கு வெளியே தெரியும்.

"மாத்திக்கலாமே" என்றார் மனைவி.

"மாப்பிள்ளை ஆசையா வாங்கிக் கொடுத்ததை அளவு சரியில்லன்னு திருப்பிக் கொடுக்கறதா? நல்லா இருக்கு."

பக்கத்து மனையில் அப்போது கட்டட வேலை. பகலெல்லாம் மணலும் சிமெண்டும் காற்றில் பறந்தன. வாத்தியார் வெளியே போய்வந்த உடனே, எஞ்சின் சூடு ஆறும் முன்பே, உறையைப் போட்டு மூடிவிடுவார். காலையில் அவரே வந்து அதை இழுத்து எடுத்து, சுருட்டித் தரையில் போடுவார். "நான்தான் எடுப்பேன். நீ கண்டபடி இழுப்பே" என்று அக்காவிடம் முதல் நாளே சொல்லிவிட்டார். பிறகு மாடிக்குப் போய், பால்கனியில் நின்று மேற்பார்வை.

"கீழ நல்லாத் தேய்ம்மா! கதவுக்குக் கீழ! அங்கதான் சேறு!"

கட்டடத்தில் பாதிப் பேருக்கு அதுதான் காலை அலாரம்.

ஒருமுறை அக்கா சொல்லிப் பார்த்தார். "சார், தூசியோட மூடாதீங்க. ஒரு தடவை தண்ணி ஊத்திக் கழுவிட்டு மூடுங்க."

"மூடறதே தூசிக்காகத்தானேம்மா?" என்றார் வாத்தியார். அதோடு பேச்சு முடிந்தது.

வண்டி வந்த நான்காவது மாதம் ஒரு புதன்கிழமை. காலை வெயில் வண்டி நிறுத்துமிடத்துக்குள் சாய்வாக விழுந்து, காரின் கூரையையும் முன்பக்க மூடியையும் தொட்டது. அதில் வாத்தியார் கண்டது ஆயிரக்கணக்கான மெல்லிய கீறல்கள். சிலந்தி வலையை எடுத்து வண்டிமேல் ஒட்டியதுபோல.

"என்னம்மா இது? என்ன பண்ணி வெச்சிருக்கே?"

அக்கா குனிந்து பார்த்தார். விரல் நகத்தை மேலே ஓட்டிப் பார்த்தார். பிறகு சட்டென்று தரையில் மண்டியிட்டுக் கதவின் அடிப்பகுதியைப் பார்த்தார். அங்கே நிழல். ஒன்றும் தெரியவில்லை.

"சார், இந்த வண்டியை ஒரு தடவை முழு வெயில்ல நிறுத்திப் பார்க்கணும்."

"நீ இனிமே இதைத் தொடவே வேணாம்."

பத்து மணிக்குள் அறிவிப்புப் பலகையில் அவர் கையெழுத்தில் ஒரு தாள் ஏறிவிட்டது. கவனக்குறைவான கழுவலால் புதிய வண்டிக்குச் சேதம். ஞாயிறு கூட்டத்தில் முடிவெடுக்கப்படும். அதுவரை கழுவும் வேலை நிறுத்தம். நானும் அதைப் படித்தேன். படித்துவிட்டு லிஃப்டில் ஏறி வீட்டுக்குப் போனேன். வேறு யாரும் எதுவும் சொன்னதாகத் தெரியவில்லை.

அக்கா தன் வாளிகளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஒன்றை வெளியே வைத்துவிட்டு, திரும்பி வந்து மற்றதை எடுத்துப் போனார். காவலாளி அன்று சின்னக் கதவைப் பிடித்தபடி நின்றான்.

அவர் கணவர் எலக்ட்ரீஷியன். அன்று வீட்டில் நடந்த பேச்சைப் பின்னால் ஒருநாள் அக்காவே என்னிடம் சொன்னார்.

"விட்டுத் தள்ளு. தெருவுல வேற பில்டிங்கே இல்லையா?"

"எந்த பில்டிங் போனாலும் வாட்ச்மேன்கிட்ட வாட்ச்மேன் கேப்பான். கீறல் போடற பொம்பளைன்னு பேர் வந்துட்டா, அப்புறம் சைக்கிள்கூடத் தரமாட்டாங்க."

"அப்ப அந்த உறைதான் காரணம்னு சொல்லிடு."

"சொன்னா நம்பணுமே. உறை கதவோட அடி வரைக்கும் வராது. துணியாலதான் கீறல்னா அடியிலயும் இருக்கும், அங்கதான் நான் அதிகமாத் தேய்க்கறேன். உறையாலன்னா, உறை முடியற இடத்துல கீறலும் முடியணும்."

"முடிஞ்சிருக்கா?"

"தெரியல. நிழல்ல பார்க்க முடியல."

"கீழேயும் இருந்துட்டா?"

"இருந்தா என் தப்பு. நானே போயிடுவேன். ஒன்பது வருஷம் லென்ஸ் துடைச்சவ, தப்பு என் கையிலன்னா மறைக்க மாட்டேன்."

ஞாயிறு பத்து மணிக்குக் குடியிருப்போர் சங்கக் கூட்டம். கேட்டுக்கு உள்ளே திறந்தவெளியில் பிளாஸ்டிக் நாற்காலிகள். செயலாளர் இரண்டாவது மாடிக்காரர், எதையும் ஐந்து நிமிடத்தில் முடிக்க விரும்புகிறவர். தீர்மானத்தைப் படிக்கத் தொடங்கியபோது அக்கா இரண்டு வாளிகளோடு வந்து நின்றார்.

"சார், நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்த வண்டியை இங்க வெயில்ல கொண்டுவந்து நிறுத்துங்க. உறை எது வரைக்கும் வருமோ அதுக்குக் கீழ ஒரே ஒரு கீறல் காட்டுங்க. காட்டிட்டா நான் இந்த வாளியைத் தூக்கிக்கிட்டு இப்பவே போயிடறேன். நீங்க தீர்மானம் படிக்கவே வேணாம்."

செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வாத்தியார் எழுந்துவிட்டார். கணக்கைச் சரிபார்க்கச் சொன்னால் உட்கார்ந்திருக்கும் ஆள் இல்லை அவர்.

"அதுக்கென்ன, இப்பவே பார்த்துடலாம்" என்று சாவியை எடுத்தார்.

வண்டி வெயிலுக்கு வந்தது. அக்கா சொன்னபடி உறையைப் போட்டார்கள். அதன் விளிம்பை ஒட்டிக் காவலாளி நீளமான ஒட்டுத்தாளை இரண்டு பக்கக் கதவுகளின் குறுக்கேயும் ஒட்டினான். உறையை எடுத்தார்கள். வாத்தியார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, கைபேசி விளக்கையும் போட்டு, மண்டியிட்டார்.

ஒட்டுத்தாளுக்கு மேலே சிலந்தி வலை. பக்கத்தில் நின்ற எனக்கே தெரிந்தது. கீழே அவர் முன் கதவிலிருந்து பின் கதவு வரை முழங்காலாலேயே நகர்ந்தார். விளக்கைச் சாய்த்தார், நேராகப் பிடித்தார். அக்கா வண்டியைப் பார்க்கவில்லை. அவர் கண் வாத்தியாரின் முதுகிலேயே இருந்தது. இரண்டு கைகளிலும் வாளிகளை இன்னும் தூக்கியபடியே நின்றிருந்தார்.

வாத்தியார் அடுத்த பக்கத்துக்குப் போனார். அங்கேயும் மண்டியிட்டார். நன்றாக நேரம் போயிற்று. செயலாளர்கூடக் கடிகாரத்தை மறந்துவிட்டார்.

"கீழ ஒண்ணுமே இல்ல" என்றார் வாத்தியார், தரையிலிருந்தபடியே. "கண்ணாடி மாதிரி இருக்கு."

அக்கா வாளிகளைக் கீழே வைத்தார்.

வாத்தியார் உடனே விட்டுவிடவில்லை. "ஆனா ஒண்ணு. கீழ நீ சரியாத் தேய்க்காம விட்டிருந்தா? தேய்க்காத இடத்துல கீறல் எப்படி வரும்?"

கேட்டுப் பக்கத்திலிருந்து காவலாளியின் குரல் வந்தது. "சார், நாலு மாசமா 'கீழ நல்லாத் தேய்'னு மூணாவது மாடியிலேருந்து நீங்க கத்தினதுல எனக்கே முதுகு வலிக்குது. அந்த அக்கா தேய்க்கலன்னா சொல்றீங்க?"

நாற்காலிகளில் சிரிப்பு வெடித்தது. அதில் முதல் சிரிப்பு வாத்தியாரின் மனைவியுடையது.

அக்கா சிரிக்கவில்லை. வேலை பாதியில் நின்றதுபோல, உறையை எடுத்து உட்பக்கம் வெளியே வரும்படி திருப்பினார். கூரைமேல் படியும் பகுதியை மட்டும் வெறும் தண்ணீர் வாளியில் முக்கி அலசினார். பிறகு தான் நான்கு நாள் முன்பு வரை பயன்படுத்திய துணியை எடுத்து, சோப்பு வாளியில் இன்று வைத்திருந்த நல்ல தண்ணீரில் அலசினார். இரண்டையும் அசையாமல் விடச் சொன்னார். தண்ணீர் தெளிந்தபோது துணி அலசிய வாளியின் அடி மண்ணில்லாமல் சுத்தமாகத் தெரிந்தது. மற்ற வாளியில் சல்லடையை எடுத்தபோது, அடியில் ஒரு கைப்பிடி மணல்.

வாத்தியார் அந்த மணலில் ஒரு சிட்டிகை எடுத்து இரண்டு விரல்களுக்கு நடுவே உருட்டினார். தினமும் எவ்வளவு ஆசையாக அதை அந்த வண்டியின்மேல் இழுத்து இழுத்துத் தேய்த்திருக்கிறார் என்பது அவர் முகத்தில் மெல்ல ஏறியது. காரின்மேல் யாருக்கும் அவ்வளவு பாசம் இருந்ததில்லை. ஆனால் மூடுவதிலேயே கண்ணாக இருந்தவர் மூடியதன் உட்பக்கத்தை ஒருநாளும் பார்க்கவில்லை. அந்தக் காரை உண்மையில் தினமும் பார்த்தவர், அதைத் துடைத்தவர் ஒருவர்தான்.

"முப்பத்தஞ்சு வருஷம் பசங்களுக்கு, வழிமுறை இல்லாம விடை மட்டும் எழுதினா சைபர்னு போட்டிருக்கேன்" என்றார் வாத்தியார். "நான் வழிமுறையே இல்லாம விடையை எழுதிப் பலகையில ஒட்டிட்டேன். எனக்கு சைபர்தான். நாளைக்கே வேலைக்கு வந்துடும்மா."

செயலாளர் நிம்மதியாக எழுந்தார். அக்கா அசையவில்லை.

"வர்றேன் சார். ஆனா அந்தப் பேப்பர் அங்க இருக்கற வரைக்கும் வரமாட்டேன். நீங்க ஒட்டினது, நீங்களே எடுங்க. எடுத்தா மட்டும் போதாது. அதே இடத்துல நான் சொல்றதை எழுதி ஒட்டுங்க."

இதைக் கொஞ்சம் அதிகம் என்று நினைத்தவர்கள் அங்கே இருந்தார்கள். நானும் ஒரு கணம் நினைத்தேன். பிறகு, அந்தத் தாளைப் படித்துவிட்டு லிஃப்டில் ஏறிப்போனது நினைவுக்கு வந்தது. ஊரறியச் சொன்ன பழியை ஊரறியத்தான் எடுக்க வேண்டும். அக்கா கேட்டது மிகச் சரியான அளவு. ஒரு சாண் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

வாத்தியார் தாளும் பேனாவும் கொண்டுவந்தார். அக்கா சொல்லச் சொல்ல, காரின் முன்பக்க மூடியின்மேல் வைத்து எழுதப் போனவரை அக்காவே தடுத்தார். "ஐயோ சார், அதுமேல வேணாம்! பேனா!"

நாற்காலியில் வைத்து எழுதினார். காவலாளி அதை வாங்கி உரக்கப் படித்தான். "வண்டியில் கீறல் விழக் காரணம் என் உறை. கழுவியவர் அல்ல. தூசி படிந்த வண்டியை யாரும் உறை போட்டு மூட வேண்டாம். முதலில் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்." கீழே வாத்தியாரின் கையெழுத்து, தேதியோடு.

"இந்தக் கீறல் ஆழமில்ல சார்" என்றார் அக்கா, இப்போதுதான் குரலை இறக்கி. "கோட்டிங் போட்ட இடத்துல காட்டுங்க. பாலிஷ்ல எடுத்துடுவாங்க."

"எடுத்துடலாம். மாப்பிள்ளைகிட்ட உறையைப் பத்தி யார் சொல்றது?" என்றார் வாத்தியார்.

"நான் சொல்றேன்" என்றார் மனைவி. "நாலு மாசமா நாக்கு நுனியிலயே நிக்குது."

மறுநாள் காலை ஐந்தரைக்கு நான் பால்கனியில் நின்றிருந்தேன். காவலாளியும் என்னைப்போலவே எதிர்பார்த்திருந்தான் போலும். தெரு முனையில் இரண்டு வாளிகளோடு அக்கா தெரிந்ததுமே எழுந்துவிட்டான். சின்னக் கதவின் பக்கம் போகவில்லை. பெரிய கேட்டின் தாழை இழுத்து, இரண்டு கதவுகளையும் சுவர் வரைக்கும் தள்ளித் திறந்தான்.

"என்னடா, லாரி எதுவும் வருதா?" என்றார் அக்கா.

"வாளியக்கா வருது. வழி பத்தணுமே."

அக்கா எதையும் கீழே வைக்காமல், இரண்டு கைகளிலும் இரண்டு வாளிகளோடு, கேட்டின் நட்டநடுவே நடந்து உள்ளே வந்தார்.