பெரிய டயரும் நாற்பத்தொரு பல்லும்

லாரிக்குப் பெரிய டயர் போட நினைப்பவர்கள் முதலில் டயர்க் கடைக்குத்தான் போவார்கள். பின் அச்சில் சக்கரப் பல் எண்ணுகிற மெக்கானிக்குகளான எங்களிடம் கிளட்ச் கருகிய பிறகுதான் வருவார்கள். என் மனைவியின் தம்பி கலியபெருமாளும் அப்படி வந்தவன்தான். அவனை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது 2011இல், சிதம்பரத்தில் என் பட்டறை வாசலில். கரும்பு இறக்கிவிட்டு வந்த காலி லாரியை நிறுத்தி, இறங்காமலே தண்ணீர் வாங்கிக் குடித்தான். முகம் வியர்த்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். “சீசன் முடியட்டும் மாமா. வண்டிக்குப் பண்ண மாதிரி எனக்கும் எல்லாத்தையும் கழட்டி மாட்டிடுங்க” என்றான். மூன்றாம் நாள், சர்க்கரை ஆலை வாசலில் லாரிகள் நின்ற வரிசையில், ஸ்டியரிங்கில் சாய்ந்தபடி இறந்துபோனான்.

டயர் மாற்றியது

2006இல் சேத்தியாத்தோப்புப் பக்கம், வெள்ளாற்றங்கரை வயல்களில் கரும்பு ஏற்றிக்கொண்டிருந்தான். சேற்றில் அச்சு தட்டுகிறது என்று எட்டேகால் அங்குல டயர்களைக் கழற்றிவிட்டுப் பத்து அங்குல டயர்களை மாட்டினான். பெரிய டயர் ஒரு சுற்றில் அதிக தூரம் போகும். அதற்கு இஞ்சின் கூடுதலாக முக்க வேண்டும். லோடோடு வயலிலிருந்து கரை ஏறும்போது ஃபர்ஸ்ட் கியரிலேயே நின்றுவிட்டது. இதை டயர்க்காரர் அவனிடம் சொல்லவில்லை. உங்களிடமும் சொல்லியிருக்க மாட்டார்.

என் மனைவி இறந்து அப்போது இரண்டு வருடம். அக்கா போனபின்னும் வண்டியை என்னிடம்தான் கொண்டுவந்தான். “பாக்க ஜோராதான் இருக்கு மாமா. கரும்ப ஏத்துனா மட்டும் மூஞ்ச தூக்கி வச்சிக்குது.”

ஜோடி மாறியது

பின் அச்சுக்குள் கிரவுன் என்ற பெரிய பல்சக்கரமும், அதைச் சுற்றவைக்கும் பினியன் என்ற சின்னதும் இருக்கும். அவன் வண்டியில் முப்பத்தேழு பல்லும் ஆறு பல்லும். பத்து அங்குல டயருக்கு நாற்பத்தொன்றும் ஆறும் போட்டால் பழைய இழுவை திரும்பும் என்று கணக்குப் போட்டேன். கணக்கில் தப்பில்லை.

கடலூர் பழைய சாமான் கடைகளில் இவை இரண்டையும் கம்பியால் சேர்த்துக் கட்டித்தான் விற்பார்கள். ஒன்றோடொன்று தேய்ந்து பழகியவை. நானோ ஒரு கட்டிலிருந்து கிரவுனையும் இன்னொரு கட்டிலிருந்து பினியனையும் எடுத்து வந்தேன். பல் எண்ணிக்கை சரியாக இருந்தால் போதாதா என்று நினைத்தேன். பட்டறையை விட்டுக் கிளம்பும்போதே அச்சு ஊளையிட்டது. ஓட ஓடச் சரியாகும் என்று சொல்லி அனுப்பினேன்.

இரண்டாவது லோடில், கரை ஏறும் இடத்தில், பல் நொறுங்கியது. லாரி பின்னால் சரிந்து சேற்றில் இறங்கியது. வெட்டிய கரும்பு இரண்டு நாள் காய்ந்து எடை இழந்தது. கரும்புக்குச் சொந்தக்காரர் என் சட்டையைப் பிடிக்க வந்தார். கலியபெருமாள் குறுக்கே நின்றான். “அவுர உடுங்க. பல்லு நல்ல பல்லுதான். நான்தான் கிளட்ச வெடுக்குன்னு உட்டு ஒடச்சேன்.”

கரை ஏறியது

அடுத்த தடவை கம்பி அவிழ்க்காத ஜோடியாக வாங்கி வந்து மாட்டினேன். முழு லோடு. வண்டி சரிந்தால் சக்கரத்துக்கு அடியில் கொடுக்க ஒரு கட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நான் பின்சக்கரத்தின் பக்கமாகவே நடந்தேன். கட்டைக்கு வேலை வரவில்லை. கலியபெருமாள் கரைமேல் வண்டியை நிறுத்திவிட்டுத் தலையை வெளியே நீட்டினான். “டயரு மாத்தி, பல்லு மாத்தி, கடைசில பழையபடியே ஓடுது. இதுக்கா மாமா இவ்ளோ பாடு?”

தரகர் வந்தது

அவன் போனபின் அவன் மனைவி செல்விக்கும் பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்களுக்கும் அந்த லாரியைத் தவிர வேறு வருமானம் இல்லை. வடலூர்த் தரகர் ஒருவர் வந்து, பல் மாற்றிய வண்டி ரொம்ப நாள் தாங்காது, இப்போதே விற்றுவிடு என்று பயமுறுத்தியிருந்தார். செல்வி பட்டறைக்கு வந்து, வைத்துக்கொள்வதா விற்பதா என்று கேட்டாள்.

என் பேச்சை நம்புவதற்குமுன் ஒன்று தெரிந்துகொள் என்றேன். அன்று பல் உடைந்தது அவன் கிளட்சால் இல்லை, நான் ஜோடி மாற்றிப் போட்டதால் என்று சொன்னேன். அவள் முகம் மாறவில்லை. “அவுரு அன்னிக்கே சொல்லிட்டாருண்ணே. அதுக்கப்பறம் நீங்க போட்டது ஒடையல இல்ல? ஒரு நல்ல டிரைவரா பாத்துக் குடுங்க.”

நான் பார்த்துக் கொடுத்த டிரைவர் ஓட்ட, அந்த லாரி 2012 சீசனிலும் லோடோடு கரை ஏறியது. இரண்டாம் தடவை நான் வேலையைச் சரியாக முடித்துவிட்டபடியால் அதை என் பட்டறைக்கு யாரும் கொண்டுவரவில்லை.