முந்தமாட்டேன் என்று வைத்த நேர்த்தி

அடியார்களே, முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நான் ஒரு விசரன். சாதாரணப் பைத்தியம் இல்லை, சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வெள்ளத்துக்குள் ஓடின விசரன்.

போன மார்கழி அடைமழையில் எங்கள் வடமராட்சி ஒழுங்கை, தெருவெல்லாம் முழங்கால் அளவு தண்ணீர். மாடுகூட வெளியே வரவில்லை. மாட்டுக்கு அறிவு இருந்தது. நான் வெறுங்காலோடு, குதியில் வெடிப்போடு, கைபேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஓடினேன். கனடாவிலுள்ள மச்சான்மார் பார்க்க வேண்டுமாம். "கடலோடிப் பரம்பரையடா, தண்ணி எங்களை என்ன செய்யும்?" என்று அதற்குள் பேச்சு வேறு.

மழையில்லாத நாட்களில் நான் ஓடுவது பிள்ளையார் கோயில் வெளிவீதியில். எங்கள் அயலவர் செல்வம் அண்ணையும் விடியற்காலையில் அங்கேதான், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பார். அவர் ஒரு சுற்று முடிக்குமுன் நான் இரண்டு தரம் முந்திவிடுவேன். சும்மா முந்துவேனா? "அண்ணை, இண்டைக்குள்ளை வீடு போய்ச் சேருவியளோ?" அவர் ஒருநாளும் மறுமொழி சொன்னதில்லை. என்னை ஒரு மனிதனாகக் கணக்கெடுத்தால்தானே!

வெள்ளம் வற்றுமுன் காய்ச்சல் வந்தது. கெண்டைக்கால் இரண்டும் முறுக்கிப் பிழிந்தது. ஓடின நோவு என்று நானே தீர்ப்புச் சொல்லி, பனடோலைப் போட்டுவிட்டுப் படுத்தேன். கண் மஞ்சளானதும் மனைவி பவளம் என் தீர்ப்பைத் தூக்கி எறிந்துவிட்டு, என்னைத் தூக்கி ஓட்டோவில் போட்டாள்.

ஆசுப்பத்திரியில் என் மகள் வயதில் ஒரு டொக்டர்.

"ஐயா, வெள்ளத்துக்குள்ளை இறங்கினனீங்களோ?"

"ஓடினனான்."

அவர் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் யாருக்கும் விளக்கப் போவதில்லை. எலிக்காய்ச்சலாம். எலியின் மூத்திரம் வெள்ளத்தில் கலந்து, குதி வெடிப்பால் உள்ளே போயிருக்கிறது. ஊரையே முந்தின பெரிய ஓட்டக்காரனை ஒரு எலி மூத்திரம் பெய்தே விழுத்திவிட்டது.

சிரிப்பு அதோடு சரி. சிறுநீரகம் வேலையை நிறுத்தியது. ஊசி ஏறியது, சேலைன் ஏறியது, ஒரு சொட்டுச் சலம் இறங்கவில்லை. முகம் வீங்கி, மூச்சு இழுத்தது. நாளைக்கும் போகாவிட்டால் இரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தில் போட வேண்டும் என்றார்கள். பவளம் கட்டிலின் காலடியில் நின்றாள். அவள் என்னைத் திட்டவில்லை. அப்போதுதான் எனக்கு உண்மையில் பயம் வந்தது.

அடியார்களே, நான் முருகன் ஆள். காரணம் கேவலமானது: மயில் வேகமானது. பிள்ளையாரை "மாம்பழத்துக்குக்கூட ஓடாதவர்" என்று பகிடி பண்ணினவன் நான். இப்போது யாரிடம் போவது? இடித்தது யாருடைய வாகனம்? கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். "பிள்ளையாரே, ஓட்டம் கேக்கேல்லை. ஒரு கோப்பை சலம் போகப் பண்ணும். இனி உம்மடை வீதியிலை ஒருத்தரையும் முந்தமாட்டன்."

விடியும்போது அடிவயிறு முட்டியது. போனது! பவளம் அந்தக் கோப்பையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, கண்ணீர் வழிய நின்றாள். பக்கத்தால் போன தாதி மிஸ்ஸி கேட்டார்: "என்னம்மா, தீர்த்தமோ?"

மருந்தும் பிள்ளையார் தந்ததுதான். மருந்தை விட்டுவிட்டுக் கும்பிடுங்கள் என்று நான் சொன்னதாக யாரும் கதைகட்டாதேயுங்கள்.

வீட்டுக்கு விடும்போது டொக்டர் சொன்னார்: "முதல்லை நடை மட்டும். பிறகு நடுவிலை நடுவிலை கொஞ்சம் ஓடிப் பாருங்கோ. மூச்சு வாங்கினால் நிப்பாட்டோணும்." தலையை ஆட்டினேன். உள்ளுக்குள் சிரித்தேன். புத்தி வந்துவிட்டது என்று நினைத்தீர்களா? பொங்கல் கழிந்ததும் சப்பாத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு, பழைய ஓட்டம் ஓடுவதென்றே கோயில் வீதிக்குப் போனேன்.

முன்னால் செல்வம் அண்ணை. கையைப் பின்னால் கட்டியபடி.

கோபுரத்தைப் பார்த்தேன். "அப்பனே, இது அநியாயம்." ஆனால் சாமிக்கு வைத்த நேர்த்தி நேர்த்திதான். பின்னால் நடந்தேன். தெற்கு வீதிக்கு வருமுன் கண் இருண்டது. மதிலைப் பிடித்துக்கொண்டு குந்தினேன். நடைக்கே இந்தக் கூத்து என்றால், ஓடியிருந்தால் திரும்பவும் கட்டில்தான். அண்ணை போய்க்கொண்டே இருந்தார். முந்துவதாவது! பல நாள் அவரைப் பிடிக்கவே முடியவில்லை.

மெல்லமெல்லக் கால் வந்தது. பிறகு சின்ன எட்டு வைத்து, அவர் நடைக்குப் பின்னால் என் ஓட்டம். மீன்காரி தங்கம் அக்கா சைக்கிளை நிறுத்திச் சிரித்தா: "என்ன தம்பி, அண்ணையை மேய்க்கிறியோ?" மேய்க்கவில்லை அக்கா, என்னைத்தான் ஒருவர் மேய்க்கிறார்.

இப்போது மூச்சு வாங்காமல் முழுச் சுற்றும் மெதுவாய் ஓடுகிறேன். கிளினிக்கில் சிறுநீரகம் சுகம் என்றுவிட்டார்கள். பவளம் மறுபடியும் திட்டத் தொடங்கிவிட்டாள். இதைவிட என்ன வேண்டும்? உங்களிலும் என்னைப்போல அவசரக்காரர் உண்டு. அர்ச்சனைச் சீட்டுக்கே முண்டியடிக்கிறீர்கள், கண்டிருக்கிறேன். பிள்ளையாரை நம்பிக் கேளுங்கள். பெரிதாய் வேண்டாம், ஒரு கோப்பை போதும். தந்துவிட்டு, உங்களை எப்படி நடத்துவது என்பதையும் அவரே பார்த்துக்கொள்வார்.

நேற்றுக் காலை கால் துருதுருத்தது. பின்னால் நின்று கெஞ்சினேன்.

"அண்ணை, குறை நினையாதேங்கோ, கொஞ்சம் கெதியா நடவுங்கோவன். எனக்கு நேர்த்தி, முந்தேலாது."

இத்தனை வருடத்தில் முதல்தடவையாகத் திரும்பிப் பார்த்தார்.

"நேர்த்தி வைச்சது நானோடா?"