முறுக்கு கொஞ்சம் ஜாஸ்தி

போன ஞாயிற்றுக்கிழமை ஜவ்வாது மலையில் ஒரு வில்லின் நாணைச் சரிசெய்தேன். இந்த வாக்கியத்தில் 'சரி' என்கிற இடத்தை மட்டும் நீங்கள் கொஞ்சம் பெருந்தன்மையோடு படிக்க வேண்டும்.

வில் என்றதும் புராணத்துக்குப் போய்விடாதீர்கள். இது குறுக்குவில் — துப்பாக்கி மாதிரி ஒரு கட்டை, அதன் முனையில் படுக்கைவாட்டில் ஒரு சின்ன வில். நாணை இழுத்து மாட்டி, அம்பை வைத்து, விசையை அழுத்தினால் வேலை முடிந்தது. என் மைத்துனன் சேகர் ஜமுனாமரத்தூர் பக்கம் நாலு ரூம் கட்டி, சனி ஞாயிறு வருகிறவர்களுக்கு விடுகிறான். வருகிறவர்கள் சாப்பிட்டுவிட்டு போனையே பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம். அங்கே சிக்னல் கிடையாது... ஆனாலும் பார்க்கிறார்களாம்! அவர்களுக்குப் பொழுதுபோக இருக்கட்டுமே என்று வாங்கினான். பின்பக்கம் வேலிக்குள், மண்மேட்டுக்கு முன்னால் ஒரு இலக்குப் பலகை. பயிற்சிக்கான சின்ன முனை அம்பு. வில்லை வேலிக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது என்று போர்டு.

வந்த கொஞ்ச நாளிலேயே நாணின் நடுவில் சுற்றியிருந்த நூல் பிரிந்துவிட்டது. "மாமா, புது நாணு நீங்களே பாத்து வாங்கிக் குடுங்க" என்றான் சேகர். ஒரு எழுத்தாளனை நம்பி ஒப்படைக்கிற வேலையா இது? ஆனால் நான் மறுக்கவில்லை. தெரியாத வேலையை மறுப்பது என் வழக்கமில்லை.

முதலில் ஒடுகத்தூரில் ஒரு ஹார்டுவேர் கடையில் கேட்டுப் பார்த்தேன். "நாண் இருக்குதாங்க?"

கடைக்காரர் தலையைத் தூக்கவே இல்லை. "எதிர் ஓட்டல்ல கேளுங்க சார். சாயங்காலம்தான் போடுவாங்க."

சரி என்று ஆன்லைனுக்குப் போனேன். இரண்டு வகை இருந்தது. ஒன்று கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கிற பாலியஸ்டர். இன்னொன்று நெகிழவே நெகிழாது, அம்பு சீறிக்கொண்டு போகும் என்று விளம்பரம். நான் எதை அழுத்தப் போனேன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? நல்லவேளை, என் மனைவி கோமதி பக்கத்தில் இருந்தாள். குக்கர் வாங்கினால்கூட அதோடு வருகிற தாளைக் கடைசி வரி வரைக்கும் படிக்கிறவள்.

"இந்த வில்லுக்கு அது போட்டா நுனி வெடிச்சிடும்னு போட்டிருக்குதுங்க. மெத்துன்னு இருக்கறதுதான் போடணுமாம்."

"அதத்தான் நானும் நெனச்சேன்" என்றேன்.

சனிக்கிழமை மலையேறினோம். நாணின் அளவைச் சரிசெய்வதில் ஒரே ஒரு சூட்சுமம்தான். ஒரு முனையைக் கழற்றி நாணை முறுக்க வேண்டும். முறுக்க முறுக்கக் குட்டையாகி விறைப்பாக நிற்கும். முறுக்கை இறக்கினால் நீண்டு தொய்ந்துவிடும். கோமதி தாளைப் படிக்க, சேகர் வில்லை வளைத்துப் பிடிக்க, நான் முறுக்கினேன். வில்லுக்கும் நாணுக்கும் நடுவே தாளில் போட்டிருந்த இடைவெளி அச்சாக வந்தது. கோமதி நாலைந்து அம்பு விட்டாள். எல்லாம் பலகையில் குத்தி நின்றன. அப்புறம் நான் விட்டேன். பலகைக்கு ஒரு சேதமும் இல்லை.

இரவுச் சாப்பாட்டின்போது சேகர் மெதுவாகச் சொன்னான். "மாமா, நாளைக்குச் செங்கத்துலர்ந்து டீச்சருங்க வர்றாங்க. இப்பிடி குரூப்பா வர்றது இதுதான் மொத தடவ. அவங்களுக்குப் புடிச்சாதான் நாலு பேரு வருவாங்க. அக்கா நல்லா வுடுது... மொத அம்பு அக்காவே வுடட்டுமே?"

கோமதியின் முகத்தைப் பார்த்தேன். அவளுக்கு அதில் எவ்வளவு ஆசை என்று அங்கே எழுதியிருந்தது. நான் மறுப்பே சொல்லவில்லை. "தாராளமா" என்றேன். பிறகு தட்டை நகர்த்திவிட்டு எழுந்தேன். பாயசம் வேண்டாம் என்றேன். காலையில் காபி வேண்டாம் என்றேன். குட்மார்னிங் சொன்ன சேகருக்கு 'ம்' என்றேன். கோபமெல்லாம் ஒன்றும் இல்லை. நாலு பேருக்குத் தெரிந்த எழுத்தாளனை வைத்துக்கொண்டு...

சரி, விடுங்கள். சேகரே இறங்கி வந்தான். "நீங்களே வுடுங்க மாமா." கோமதி காபி டம்ளரோடு கிச்சனுக்குப் போய்விட்டாள்.

பல் தேய்த்துக்கொண்டு கிச்சன் பக்கம் போனபோது, உள்ளே அக்காவும் தம்பியும் பேசுவது கேட்டது.

"முறுக்கு ரொம்ப ஜாஸ்திக்கா. இன்னா பண்றது?"

"கொஞ்சம் கொஞ்சமாத்தாண்டா எறக்கணும். ஒரேடியா கைய வெச்சா கெட்டுப்போய்டும்."

"ஜனம் வர்ற நேரத்துல அறுந்துட்டா?"

"இத்தினி வருஷத்து முறுக்கு. ஒரு நாள்ல எறங்குமா?"

நாண் வந்ததே போன வாரம்தான். கோமதிக்கு எதையும் கொஞ்சம் மிகைப்படுத்தித்தான் பேச வரும் என்று நினைத்துக்கொண்டேன். பாவம், என் மனம் நோகுமே என்று மறைவில் பேசிக்கொள்கிறார்கள்! சொல்லாமலேயே சரிசெய்து கொடுத்துவிட்டால் எவ்வளவு பெருந்தன்மை? யாரும் பார்க்காதபோது வில்லை எடுத்து, வில்லை வளைத்துப் பிடிக்கிற துணைக் கயிற்றைக் காலால் மிதித்து, நாணைக் கழற்றி முறுக்கை இறக்கினேன். கொஞ்சமாக இல்லை. தாராளமாகவே இறக்கினேன்.

டீச்சர்கள் வந்தார்கள். வரிசையாக நின்றார்கள். கைதட்டினார்கள். நான் ஒரு காலை முன்வைத்து, ஒரு கண்ணை மூடி, விசையை அழுத்தினேன்.

'பட்'டென்று ஒரு சத்தம். தொய்ந்த நாண் அம்பின் மேலே ஏறிப் போய்விட்டது. அம்பு என் காலிலிருந்து மூன்றடி தள்ளிப் புல்லில் படுத்துக்கொண்டது.

சேகர் முகம் வெளுத்துவிட்டது. அம்பைத் தள்ளாமல் நாண் வெறுமனே பாய்ந்தால் வில்லே பிளந்துவிடுமாம். ஓடிவந்து வில்லை வாங்கி, விரிசல் விட்டிருக்கிறதா என்று இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தான். நல்லவேளை, இல்லை. "நேத்து நல்லாத்தான இருந்துது? யாரு நாணுல கைய வெச்சது?"

"நாந்தான் முறுக்க எறக்கினேன்" என்றேன். "காலைல கிச்சன்ல நீங்கதான பேசிக்கிட்டீங்க... முறுக்கு ரொம்ப ஜாஸ்தின்னு?"

சேகர் அக்காவைப் பார்த்தான். அக்கா தரையைப் பார்த்தாள்.

"அது வில்லப் பத்தி இல்லீங்க" என்றாள் கோமதி.

ஒரு டீச்சர் சிரிப்பை இருமலாக மாற்றப் பார்த்தார். முடியவில்லை. அப்புறம் யாருக்குமே முடியவில்லை.

மாப்பிள்ளை முறுக்கு! அடுத்த வீட்டு மாப்பிள்ளைகளின் முறுக்கைப் பற்றி இந்தப் பத்திரிகைப் பத்தியிலேயே எத்தனை முறை எழுதிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன்? தாலி கட்டிய அன்று ஏறுகிறது. தலை நரைத்த பிறகும் இறங்குவதில்லை. ஊரார் முறுக்கெல்லாம் நம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். நம்முடையது மட்டும் எப்போதும் சரியான அளவில் இருப்பதாகவே நமக்குப் படும். வெட்கமாக இருந்தது. அதைவிட, ஒரு வாய்ப் பாயசத்தை வீறாப்பில் விட்ட வருத்தமும் இருந்தது.

மூன்று பேருமாக உட்கார்ந்து மறுபடி நாணை முறுக்கினோம். கோமதி தாளைப் படித்தாள். அளவு வந்ததும் நானே வில்லை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

"நீ வுடு கோமதி."

அவள் நிதானமாக நின்றாள். அம்பு பலகையின் மஞ்சள் வட்டத்தில் போய்க் குத்தியது. டீச்சர்கள் விசிலே அடித்துவிட்டார்கள். சேகர் முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. அடுத்து யார் என்று வரிசையில் சண்டை ஆரம்பித்தது.

கோமதி வில்லை இறக்கி என்னைப் பார்த்துச் சிரித்தாள். "இப்பதாங்க சரியா இருக்குது."

எது என்று நான் கேட்கவில்லை.