வெங்காயத் தோல் கேட்டு வந்தவள்

இங்கே சொல்லாமல் கொள்ளாமல் ஒருவர் கதவைத் தட்டினால் ஏதோ பிழை என்றுதான் நினைக்கத் தோன்றும். நோர்வேக்கு வந்த முதல் குளிர்காலம். குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கதவைத் திறந்தால் கீழ்வீட்டு மாரித். தபால் கொடுக்கும் வேலை, என் வயதுதான் இருக்கும். என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, வெங்காயத்தைக் காட்டி, "லோக்ஸ்கால்" என்றாள். 'லோக்' வெங்காயம். 'ஸ்கால்' என்றால் 'செய்ய வேணும்' என்று மொழி வகுப்பில் படித்திருந்தேன். மிச்சத்தை என் பயமே நிரப்பியது: வெங்காயம் தாளிப்பதை நிறுத்த வேணுமாம். சமையல் மணத்தால் வீடு மாறின தமிழ்க் குடும்பங்களின் கதைகளை நிறையக் கேட்டிருந்தேன். "சொறி, சொறி" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டேன்.

அதன்பிறகு வெங்காயம் இல்லாமலே சமைத்தேன். பஸ் ஓட்டிவிட்டுக் களைத்து வரும் கணவர், "சொதியிலை ஏதோ குறையுது" என்பார். குறைந்தது சொதியில் மட்டுமல்ல. ஊரில், நெடுந்தீவில், எங்கள் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவு கல்வேலிதான். அம்மாவும் பக்கத்து வீட்டு அக்காவும் அதன் மேலால் கதைத்தபடியே கறி ஆக்கி முடிப்பார்கள். இங்கே பகல் முழுக்க என் குரலை நானே கேட்பதில்லை. அம்மா தொலைபேசியில், "அங்கை ஆரோடையாவது கதைக்கிறனியே பிள்ளை?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பா. "ஓம், கனபேர்" என்பேன். பிறகு அழுவேன். என்னைத் திருப்பி அனுப்பிவிடச் சொல்லிக் கணவரிடம் கேட்டும்விட்டேன்.

கடைசியில் வெங்காயம் இல்லாமல் ஏலாமல் போயிற்று. ஒருநாள் ஜன்னல்களைத் திறந்துவைத்துத் தாளித்தேன். தோல்களைப் பையில் கட்டி, ஒருவரும் காணாமல் குப்பைத் தொட்டியில் போடப் போனேன். மாரித் பின்னால் ஓடிவந்தாள். பையைப் பிடுங்கித் திறந்து பார்த்தாள். நான் விறைத்துப்போய் நிற்க, அவள் முகம் மலர்ந்தது. என் கையைப் பிடித்துத் தன் வீட்டுக்கு இழுத்துப் போனாள். அங்கே அடுப்பில் ஒரு பெரிய சாயப் பானை. கயிற்றில் மஞ்சளும் செம்மஞ்சளுமாகக் கம்பளி நூல்கள். அவள் ஒரு வெங்காயத் தோலைத் தூக்கிக் காட்டி, "ஸ்கால்" என்றாள். 'செய்ய வேணும்' என்பதற்கும் தோலுக்கும் இங்கே ஒரே உச்சரிப்பு! நான் சிரித்த சிரிப்பில் அவள் பயந்தே போனாள்.

என் வெங்காயத் தோல்களை அன்றைக்கே அவித்தோம். படிகாரத் தண்ணீரில் ஊறின வெள்ளை நூலை மெல்லிய சூட்டில் அமிழ்த்த, குப்பைக்குப் போக இருந்தது பொன் நிறமாக ஏறியது. அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் குசினியில் நூலைத் திருப்பித் திருப்பித்தான் நோர்வே மொழி பழகினேன். திரும்பிப் போகும் கதையைப் பிறகு நான் எடுக்கவில்லை.

போன வருடம் நெடுந்தீவுக்குப் போனபோது மாரித் ஒரு கட்டு வெள்ளை நூல் தந்தாள். "அங்கேயும் சாயச் செடிகள் இருக்கும்தானே?" என்றாள். பெட்டியைத் திறந்த அம்மா, "உந்த வெயிலுக்கை கம்பளி நூலோ!" என்று தலையில் கைவைத்தா. நூல் தந்தவளைப் பற்றிச் சொன்னேன். முன்பு சொன்ன 'கனபேர்' பொய் என்பதையும் சொன்னேன். அம்மா கத்தியை எடுத்துக்கொண்டு போனா. பக்கத்துக் காணியில் காற்றுக்குச் சாய்ந்து கிடந்த மஞ்சவண்ணா மரத்தின் வேர்ப்பட்டையோடு வந்தா. காணிக்காரர் கனடாவில், கேட்க ஆளில்லை. கிணற்றுத் தண்ணீரில் பட்டையை அவிக்க நூல் மஞ்சளாயிற்று. அம்மா வெற்றிலைத் தட்டத்திலிருந்து ஒரு கிள்ளுச் சுண்ணாம்பை எடுத்தா.

"நூல் பழுதாப்போயிடும் அம்மா!"

"பொறு பிள்ளை. வாய் சிவக்குதெல்லே, நூலும் சிவக்குதோ பாப்பம்."

கலக்கிக்கொண்டிருக்கும்போதே மஞ்சள் கறுத்து, செங்கல் சிவப்பாக மாறியது. அம்மாவே திகைத்துப் போனா. "பாதியை அந்தப் பிள்ளைக்குக் குடு. பாதி எனக்கு" என்றா. கம்பளி நூலை வைத்து அங்கே என்ன செய்வா என்று நான் கேட்கவில்லை.

திரும்பி வந்த பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாரித்தின் ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. வீடியோவில் அம்மா முற்றத்து வெயிலில் தன் பாதியை நீட்டினா. மாரித் தன் பாதியைக் கமராவுக்குக் கிட்டக் கொண்டுபோனாள். ஒரே பானையில் சாயம் ஏறின நூல், அங்கே ஒரு நிறமாகவும் இங்கே ஒரு நிறமாகவும் தெரிந்தது.

"என்ரைதானே நல்ல சிவப்பு?" என்று அம்மா கேட்டா. அதையே மாரித் தன் மொழியில் என்னிடம் கேட்டாள்.

நான் இருவருக்கும் நடுவில் இருந்து, அங்கே "ஓம்" என்றும் இங்கே "யா" என்றும் சொன்னேன்.