எடை கூட ஒரு பட்டினி

மழை வரும் என்று குடை எடுத்துப் போகிறவர்கள் உண்டு. அந்தக் குடை காற்றில் கிழிந்துவிட்டால் என்ன செய்வது என்று இன்னொரு குடையும் எடுத்துப் போகிறவன் அழகப்பன். சிவகங்கைப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்து, செம்பவாங் கடற்படைத் தளத்தின் சாமான் கிடங்கில் குமாஸ்தாவாகச் சேர்ந்து சில வருஷங்கள் ஆகியும், எவனாவது வந்து எழுந்து போ என்று சொல்லிவிடுவானோ என்ற பயம் அவனை விடவில்லை. தமிழில் கவலைப்பட்டு முடித்தால் இங்கிலீஷில் தொடங்குவான். இரண்டும் படித்தவன் அல்லவா.

1958 கடைசியில் கவலைப்பட உண்மையாகவே ஒரு காரணம் கிடைத்தது. வேலையை நிரந்தரமாக்கப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. நிரந்தரமானால் தளத்துக் குடியிருப்பில் சொந்தக் கதவு வைத்த வீடு கிடைக்கும். பஃபலோ ரோட்டு மாடியில், பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் "நூறு வயசு" என்று வாழ்த்தும் அறையிலிருந்து மனைவி சிவகாமசுந்தரிக்கு விடுதலை. ஆனால் தளத்து டாக்டர் அவனைத் தராசில் ஏற்றிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். உயரத்துக்கேற்ற எடை இல்லையாம். ஜனவரி கடைசியில் மறுபடி வா, அப்போதும் இப்படியே இருந்தால் நான் கையெழுத்துப் போடமாட்டேன் என்றார்.

"இதுக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு வர்றீங்க?" என்றான் கிடங்கு வாசலில் நின்றிருந்த அப்துல் மஜீது. பட்டறையில் சம்மட்டி அடிக்கிறவன். சாயங்காலம் ஜாலான் புசாரில் ஒரு தேகப்பயிற்சிச் சங்கத்தில் இரும்பு தூக்குகிறவன். சட்டைக் கையை மடித்துப் புஜத்தை உருட்டிக் காட்டினான். "இது என்ன, சும்மா வந்ததா? பவுடர் கிளார்க்கே, பவுடர். கப்பல்ல வர்ற சரக்கு. நாளைக்கே ஒரு டப்பா கொண்டு வர்றேன்லா."

டப்பாவின் மேல் ஒரு வெள்ளைக்காரப் பயில்வான் உலக உருண்டையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டிருந்தான். அழகப்பன் காலையும் மாலையும் பாலில் கலக்கிக் குடித்தான். மூன்றாம் நாளிலிருந்து வயிறு கடமுடா என்றது. பசி போயிற்று. பசி போனதே என்று கவலை வந்தது. கவலைக்குக் காப்பி, காப்பிக்குச் சிகரெட், இரண்டுக்கும் சேர்த்துத் தூக்கம் கெட்டது. நியூ வோர்ல்ட் பொழுதுபோக்குப் பூங்காவில் காசு போட்டால் எடைச்சீட்டுத் தள்ளும் எந்திரத்தில் ஏறினான். முன்பைவிட இரண்டு பவுண்டு குறைந்திருந்தான். சீட்டின் பின்பக்கம், 'உங்கள் வாழ்க்கையில் பாரம் குறையும்' என்று பலன் வேறு அச்சிட்டிருந்தது.

அங்கிருந்து நேராக டேங்க் ரோடு முருகன் கோயிலுக்குப் போனான். கண்ணை மூடிக்கொண்டு நின்றபோது வாய் தானாகப் பேசிவிட்டது: வேலையை நிலைக்க வை, தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிறேன், அதுவரை ஒருவேளைச் சாப்பாட்டோடு சைவ விரதம் இருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது சுந்தரி அரிசி களைவதை நிறுத்தினாள்.

"என்னங்க, உங்களுக்கு எடைதானே ஏறணும்?"

"ஆமா."

"அதுக்குப் பட்டினி கிடக்கிறேன்னு வேண்டிக்கிட்டீங்களா?"

அழகப்பனுக்கு அப்போதுதான் உறைத்தது. தலையில் கையை வைத்துக்கொண்டு பாயில் உட்கார்ந்துவிட்டான்.

"எடை கூடறதுக்குப் பட்டினி நேர்ந்துக்கிட்ட ஆளு இந்த ஊர்லயே நீங்க ஒருத்தர்தான்" என்றாள். சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. தடுப்புக்கு அந்தப் பக்கமும் யாரோ சிரித்தார்கள். "சரி, வேண்டினது வேண்டினதுதான். மாத்த முடியாது. அந்த டப்பாவை எடுங்க. சைவம்தானா அது? படிச்சவர்தானே, படிங்க."

பெரிய எழுத்தை மட்டுமே படித்திருந்த அழகப்பன் பொடி எழுத்தைப் படித்தான். உலர்ந்த ஈரல் சத்து என்று போட்டிருந்தது.

மறுநாள் மஜீதிடம் டப்பாவை நீட்டினான்.

"ஈரல்னா நல்லதுதானே?" என்றான் மஜீது. "என்ன ஈரல்?"

"அது போடல பாய். மிருகம்னு மட்டும் போட்டிருக்கு."

மஜீதின் முகத்தில் ரத்தமில்லை. "எந்த மிருகம்? அல்லாவே, ஆறு மாசமாக் குடிக்கிறேன்... நல்லாப் பாருங்க கிளார்க்கே, ஆடுன்னு எங்கயாச்சும் இருக்கும்." இல்லை. அன்றோடு அவனும் நிறுத்தினான். மற்றவர்களுக்குத் தெரியாமல் தினமும் புஜத்தை அமுக்கிப் பார்த்துக்கொண்டான். சம்மட்டி அடிக்கிற கை. அது எங்கே இளைக்கும்?

அழகப்பன் வீட்டில் விரதம் தொடங்கியது. அதிகாலைக் குளியல். காப்பி இல்லை, சிகரெட் இல்லை. கோயில் வரை நடந்து போய் நடந்து வருவது, இருட்டியதும் தரையில் பாய் விரித்துப் படுப்பது. படுத்தால் தூக்கம் அடித்துப் போட்டது.

சாப்பாட்டுப் பொறுப்பு சுந்தரியுடையது. தேக்கா மார்க்கெட்டில் முருங்கைக்கீரை, பூசணி, மொச்சை என்று கூடை நிறைய வாங்கினாள். கிடங்கில் மதியம் அழகப்பன் திறக்கும் தூக்குச்சட்டி ஒரு குடும்பத்துக்குப் போதும். அடியில் சோறு, மேலே நெய் மிதக்கும் பருப்பு, கீரை மசியல், கட்டித் தயிர், இரண்டு வாழைப்பழம்.

"இது விரதமாடி?" என்று ஒருநாள் பயந்துபோய்க் கேட்டான்.

"ஒருவேளைன்னுதானே வேண்டினீங்க? எவ்வளவுன்னு முருகன் கேட்டாரா? நீங்கதான் சொன்னீங்களா?"

வேண்டிக்கொண்டதை அழகப்பன் இரண்டு மொழியிலும் சொல்லிப் பார்த்தான்; அளவு எதிலும் வரவில்லை. ராத்திரிக்குப் பாலும் பழமும் விரதத்துக்கு விலக்கில்லை என்று ஒரு பெரிய கிண்ணத்தையும் நீட்டினாள்.

தைப்பூசத்தன்று சிராங்கூன் ரோட்டுப் பெருமாள் கோயிலிலிருந்து பால்குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு டேங்க் ரோடு முருகன் கோயிலுக்கு நடந்தான். வெயில் சுட்டது, தார் சுட்டது. கூட்டத்தில் நடந்துவந்த சுந்தரி அவன் முதுகைப் பார்த்தாள். எண்ணிவிடலாம் போலிருந்த எலும்புகள் காணாமல் போயிருந்தன. அதை அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் கவலைப்படுவான்.

அடுத்த வாரம் தளத்து டாக்டர் தராசின் குண்டை நகர்த்தினார். இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். அழகப்பன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். மூச்சுக்கும் எடை உண்டு என்று எங்கோ படித்த ஞாபகம். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி, என்ன மருந்து சாப்பிட்டாய் என்று கேட்டார்.

"பட்டினி கிடந்தேன், சார்" என்றான் அழகப்பன் இங்கிலீஷில். டாக்டர் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மேலே எதுவும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.

வெளியே மஜீது காத்திருந்தான். சேதி கேட்டதும் முதுகில் ஒரு தட்டு தட்டினான். அழகப்பன் இரண்டடி முன்னால் போய் நின்றான். "நோன்பு வச்சா நாங்களும்தான் பகல்ல பட்டினி" என்றான் மஜீது. "பொழுது சாஞ்சப்புறம் நாங்க சாப்பிடறதைப் பாத்தா நீங்க இதை விரதம்னே சொல்ல மாட்டீங்க. போங்க, போய்த் தங்கச்சிகிட்ட முதல்ல சொல்லுங்க."

சொல்லத்தான் கிளம்பினான். பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ரப்பர் தோட்டங்களின் காற்று முகத்தில் அடித்தது. இத்தனை வருஷமாக இந்தத் தடத்தில் போய் வந்தும், நிறுத்தம் தவறிவிடும் என்று ஒருநாளும் கண் அசராதவன் அழகப்பன்.

"அண்ணே, அண்ணே! கடைசி ஸ்டாப் வந்துருச்சு. எங்க இறங்கணும் நீங்க?" என்று கண்டக்டர் தோளைத் தட்டினார்.

அவன் இறங்க வேண்டிய சிராங்கூன் ரோடு எப்போதோ தாண்டிப் போயிருந்தது. அழகப்பன் சிரித்துக்கொண்டே இறங்கினான். நல்ல பசி. இன்றைக்கு என்ன சமைத்திருப்பாள் என்று யோசித்தபடி வந்த வழியே நடக்கத் தொடங்கினான்.